இறந்தவனிடம் வருமானச் சான்று

நம் சிற்றிதழ் வட்டாரத்தில் படைவீரனைப் பற்றிப் பேசுவது சற்றே கூச்சத்துக்குரிய செயலாகவே இருந்துவருகிறது. போரை எதிர்ப்பவர்கள் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்கிறோம், அது சரியே. ஆனால் அந்த எதிர்ப்பின் நிழலில் ஒரு சோம்பலும் குடியேறிவிட்டது. படைவீரன் அரசின் கைக்கருவி, அவனைப் பற்றிய கவலை தேசபக்தர்களின் துறை என்று ஒதுக்கிவிடுகிறோம். தேசபக்தர்களோ அவன் எல்லையில் விழும்போது மட்டும் மலர்வளையத்தோடு வருகிறார்கள். எழுபத்தைந்து வயதில், சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, ஓட்டு வீட்டுத் திண்ணையில் உயிர்விடும் முன்னாள் சிப்பாய் இரு சாராருக்கும் வேண்டாதவன். அவனை எடுத்துப்போட என்ன செலவாகும், அதை யார் தருவார், தருகிறவர் எதைக் கேட்டுவிட்டுத் தருவார் என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம். இலக்கிய வாசகர்களிடம் போய் இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். நடுகல்லைப் பாடமாக வைத்திருக்கும் ஒரு மொழியின் வாசகர்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படைவீரனின் இறுதிச் செலவை அரசு ஏற்பது ஒரு கடனைத் தீர்ப்பது. கடன் கொடுத்தவன் ஏழையா பணக்காரனா என்று பார்த்துவிட்டு எவரும் கடனைத் தீர்ப்பதில்லை. 'உன் வீட்டில் பணம் இல்லை என்று நிரூபி, பிறகு தருகிறோம்' என்று சொல்லும்போதே அந்தப் பணம் பிச்சையாகிவிடுகிறது. உலகில் பல அரசுகள் இதைத்தான் செய்கின்றன. நம் அரசும் விலக்கன்று.

கனடாவின் கதையை முதலில் சொல்ல வேண்டும். இந்த உதவி எப்படிப் பிறந்தது, எப்படிக் கெட்டது, எப்படி அரைகுறையாகச் சீரானது என்ற மூன்றும் அங்கே ஏட்டில் பதிவாகியிருக்கின்றன. 1908 டிசம்பரில், மான்ட்ரியல் பொது மருத்துவமனைக்கு ஒரு மனிதரைக் காவலர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நினைவில்லாமல் கிடந்தார். குடித்துவிட்டு விழுந்தவர் என்றுதான் முதலில் எண்ணினார்கள். மருத்துவமனைப் பணியாளர் ஆர்தர் ஹேர், தென்னாப்பிரிக்கப் போரில் பணியாற்றித் திரும்பியவர். அந்த மனிதரின் மேலங்கியிலிருந்து ஒரு நீல உறை எட்டிப்பார்ப்பதைக் கண்டார். பிரிட்டிஷ் போர் அலுவலகம் படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் உறை அது. அவரிடமும் அப்படி ஒன்று இருந்தது. உள்ளிருந்த தாள், ஜேம்ஸ் டேலி என்னும் அம்மனிதர் 21 ஆண்டுகள் பேரரசின் படையில் இருந்து கௌரவமாக விடுவிக்கப்பட்டவர் என்று சொல்லியது. குளிரும் பட்டினியும்தான் அவரை வீழ்த்தியிருந்தன. இரண்டு நாளில் இறந்துபோனார், வயது 53. கேட்பாரற்ற பிணம் என்பதால் உடலை மருத்துவ ஆய்வுக்கு ஒப்படைப்பதே வழக்கம். ஹேர் உடன் பணியாற்றியவர்களிடமும் நண்பர்களிடமும் கையேந்திப் பணம் திரட்டி அவரை முறைப்படி அடக்கம் செய்தார். 1909 இல் 'லாஸ்ட் போஸ்ட்' நிதியம் பிறந்தது இப்படித்தான். படைவீரரின் அடக்கத்தில் ஊதப்படும் எக்காள இசையின் பெயரே அந்த நிதியத்தின் பெயரானது.

இக்கதையில் நம் கவனத்துக்குரியது அந்த உறை. டேலியிடம் வருமானச் சான்று இல்லை. சொத்து விவரம் இல்லை. வாரிசுச் சான்று இல்லை. இருந்தது ஒரே ஒரு தாள்: இவன் பணி செய்தான். ஹேருக்கு அது போதுமானதாக இருந்தது. 1921 இல் அந்நிதியம் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே கனடா முழுமைக்குமான அமைப்பாயிற்று. 1930 இல் மான்ட்ரியலுக்கு அருகே பாயின்ட் கிளேரில் அதற்கென ஓர் இடுகாடு திறக்கப்பட்டது. பதவி வேறுபாடின்றி ஒரே வகைக் கற்கள் பதிக்கப்பட்ட இடம் அது. தளபதியானாலும் சமையற்காரச் சிப்பாயானாலும் தலைமாட்டில் அதே கல்.

பிறகு கணக்கர்கள் வந்தார்கள். (கணக்கர்களை நாம் வெறுக்கவில்லை. கருவூலத்துக்கு ஒரு காவலன் வேண்டும். ஆனால் காவலனே வீட்டுக்காரனாகிவிடும் இடங்கள் உண்டு.) பணியால் நேர்ந்த காயத்தாலோ நோயாலோ இறந்தவருக்கு உதவி உரிமையாகக் கிடைக்கும். மற்றவர்கள் விட்டுச்சென்ற சொத்து ஒரு வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். ஏறத்தாழ 24,000 டாலராக இருந்த அந்த வரம்பு 1995 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 12,015 டாலராகக் குறைக்கப்பட்டது. அரசு சிக்கனம் பிடிக்க வேண்டியிருந்தது. சிக்கனத்துக்கு எதிர்ப்புச் சொல்ல வாயில்லாதவர்கள் செத்தவர்கள்தாம். 2006 முதல் 2012 வரை வந்த விண்ணப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிராகரிக்கப்பட்டன என்ற செய்தி 2012 இல் வெளிவந்தபோதுதான் நாடு திடுக்கிட்டது. ஏற்கப்பட்டவர்களுக்கும் இறுதிச் சடங்குக்கென ஒதுக்கப்பட்ட உச்சவரம்பு 3,600 டாலர். 2013 இல் அதை 7,376 டாலராக உயர்த்தினார்கள். ஒரே தாவலில் இருமடங்குக்கும் மேல் உயர்த்த வேண்டிவந்தது என்பதே, முந்தைய தொகை எவ்வளவு கேலிக்குரியதாக இருந்தது என்பதற்கு அரசே எழுதிக்கொடுத்த வாக்குமூலம். சொத்து வரம்பு 35,279 டாலராக உயர 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றுக்கு நடுவில் இன்னொரு வெட்கக்கேடு. உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் பணியாற்றியவர்களைத்தான் இந்த ஏழ்மை வழி உதவி 'படைவீரர்' என்று கண்டது. அதன் பின் அமைதி காக்கும் படைகளிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்தவர்கள் வறுமையில் இறந்தால் அவர்களுக்கு அதில் இடமில்லை. 2014 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம்தான் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. யார் படைவீரர் என்ற வரையறையை மாற்றினாலே பல்லாயிரம் பேர் மறைந்துபோவார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நம் நாட்டுக்கு வரும்போது அது தேவைப்படும்.

ஏழ்மைச் சோதனைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. அரசிடம் உள்ளது அளவான பணம். ஓய்வுபெற்ற தளபதியின் மனைவிக்கு எதற்கு ஈமச்சடங்கு நிதி? அதை எடுத்து இல்லாதவனுக்குக் கொடுத்தால் அவனுக்கு இரண்டு மடங்கு கிடைக்குமே? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. முற்போக்கு நண்பர்கள் பலர் இதையே சொல்வார்கள். நடைமுறையில் நிகழ்வது வேறு. தளபதியின் மனைவியிடம் மிச்சம் பிடித்த பணம் சிப்பாயின் வீட்டுக்குப் போவதில்லை, கருவூலத்திலேயே தங்கிவிடுகிறது. அதற்கு நல்ல சான்று அமெரிக்கா.

அங்கே உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 இல், தேசிய இடுகாடுகளுக்குச் சட்டம் வந்தது. 1873 இல், கௌரவமாக விடுவிக்கப்பட்ட ஒன்றியப் படையினர் அனைவருக்கும் அந்நிலத்தில் இடம் உண்டு என்று ஆயிற்று. இன்று அங்கே தகுதியுள்ள முன்னாள் படைவீரர் ஒருவருக்குக் குழி, அதைத் தோண்டி மூடும் வேலை, பெயர் பொறித்த கல், கல்லறையின் நிரந்தரப் பராமரிப்பு, பெட்டியின்மீது போர்த்தும் கொடி என எல்லாமே இலவசம். வருமானம் என்ன என்று எவரும் கேட்பதில்லை. தளபதிக்கும் அதே, சமையற்காரனுக்கும் அதே. இது ஒரு பக்கம். ரொக்க உதவி மறுபக்கம். பணியோடு தொடர்பில்லாத காரணத்தால் இறப்பவருக்கான அடக்கச் செலவுத் தொகை 1978 இல் 300 டாலர் ஆயிற்று. 1981 இல் சிக்கனக் கத்தி இறங்கியது. ஓய்வூதியமோ ஊனத்துக்கான இழப்பீடோ பெறுபவர்கள், அரசின் பராமரிப்பில் இருக்கும்போது இறந்தவர்கள் முதலிய சிலருக்கு மட்டும் என்று அது சுருங்கியது. அதன்பின் என்ன ஆயிற்று? பராமரிப்பிலுள்ள மருத்துவமனையில் இறப்பவருக்கான தொகை பின்னாளில் உயர்ந்தது. வீட்டுக் கட்டிலில் இறப்பவருக்கோ 2023 சனவரி வரை அதே 300 டாலர்தான். நாற்பத்து நான்கு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் பெட்டியின் விலை ஏறியது, பிணவண்டியின் வாடகை ஏறியது, பூவின் விலைகூட ஏறியது. செத்தவனின் விலை மட்டும் ஏறவில்லை. எல்லோருக்கும் உரிய நிலத்தில் எவரும் கைவைக்கத் துணியவில்லை. சிலருக்கு மட்டுமான ரொக்கம் கவனிப்பாரின்றித் தேய்ந்தது. தளபதியின் குடும்பமும் ஒரு திட்டத்தில் இருந்தால்தான் அது தேயும்போது குரல் எழுப்ப ஆள் இருக்கும். கணக்கரின் நியாயம் இதைக் காண்பதில்லை.

அமெரிக்க முறையைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. 1948 வரை ஆர்லிங்டன் இடுகாட்டிலேயே கறுப்பினப் படைவீரர்கள் தனிப் பகுதியில்தான் புதைக்கப்பட்டார்கள். வேடிக்கை ஒன்றும் உண்டு. அங்கே சட்டப்படி, குடும்பம் கேட்டால், சீருடையணிந்த இருவராவது அடக்கத்துக்கு வந்து, கொடியை மடித்துக் கொடுத்து, எக்காளம் ஊத வேண்டும். எக்காளம் ஊதத் தெரிந்தவர்கள் போதவில்லை. எனவே 2003 முதல், உள்ளே ஒலிப்பதிவுக் கருவி பொருத்திய எக்காளம் புழக்கத்துக்கு வந்தது. சிப்பாய் அதை உதட்டில் வைத்து நிற்பார்; இசை தானே வரும். இதைப் போலி என்று சிரிக்கலாம். நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. ஊதத் தெரிந்தவன் இல்லையென்றாலும் இசை இல்லாமல் அனுப்பக்கூடாது என்று நினைத்த அரசு அது. 'ஊதுபவர் பணியிடம் காலி' என்று கடிதம் எழுதிவிடவில்லை.

நம் மரபுக்கு வருவோம். தொல்காப்பியம் கல் நடும் முறையை ஆறு படிகளாகப் பிரிக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பது, நாள் பார்த்துக் கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் நம் மாணவர்கள் இதை ஒரு பட்டியலாகவே கடந்துவிடுகிறார்கள். ஒரு கணம் நின்று, இதற்கெல்லாம் ஆகும் செலவை யார் செய்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் பாடம் வேறு முகம் காட்டும். இறந்தவன் வீட்டார் மட்டும் செய்யக்கூடிய வேலையா இது? ஊரின் வேலை, தலைவனின் வேலை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் அமைந்தவை. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு நட்ட கல். அரசனல்லன், வேளல்லன், மாடு பிடிக்கப் போன சண்டையில் செத்தவன். அவனுக்கும் கல்லும் எழுத்தும் கிடைத்தன.

செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இன்னும் விரிவாகப் பேசுகின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர்ப் பூசலில் பட்டான் என்று ஒரு பணிப் பதிவேடு போலவே எழுதிவைத்திருக்கிறார்கள். எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மன் காலத்து வீரன் ஒருவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து, விழுந்த தலைவனுக்குக் காவல் நின்ற நாய் அது. அதன் பெயர் கோவிவன். ஏழாம் நூற்றாண்டு அந்நாயின் பெயரை மறக்கவில்லை. கல்லோடு நிலமும் கொடுத்தார்கள். நெய்த்தோர் பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் கல்வெட்டுகள் குறிப்பிடுவது இந்த நிலத்தை. குருதிக்கு ஈடாக, இறந்தவனின் வழியினருக்குக் கொடுத்தது. அதை வாங்க அவர்கள் தம் ஏழ்மையை எழுதிக்கொடுத்ததாக எந்தக் கல்லிலும் நாம் படித்ததில்லை. அவன் பட்டான் என்பதே தகுதி.

பழம்பெருமை பேசுகிறோம் என்று எவரேனும் குறைப்பட்டால் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் காலமும் சமன்மையின் காலம் அன்று; கல் கிடைக்காமல் செத்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். நாம் எடுத்துக்கொள்வது அதிலுள்ள ஒரு சிந்தனையை மட்டும்: மரியாதையும் பொருளும் ஒரே கையால், ஒரே நாளில் கொடுக்கப்பட்டன. இன்று நாம் அவற்றைப் பிரித்துவிட்டோம். மரியாதையைக் கேமராவுக்கு முன் தருகிறோம். பொருளை மனுவுக்குப் பின் தருகிறோம்.

இன்றைய நிலத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் சென்ற பேருந்து தாக்கப்பட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் சிக்கோகாபாத் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அவரை எரியூட்டிச் சிலை வைக்கப் பொதுநிலத்தில் ஒரு துண்டு கொடுக்க, ஊரின் மேல்சாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் பல மணி நேரம் பேசித்தான் இடம் பெற வேண்டியிருந்தது. அவர் துணைப்படையைச் சேர்ந்தவர், முப்படையைச் சேர்ந்தவர் அல்லர் என்று பாகுபடுத்துவோர் பாகுபடுத்தட்டும். கொடி போர்த்திய பெட்டியையே ஊர் வாசலில் நிறுத்தி வைக்கும் நாட்டில், கொடி போர்த்தாமல் இயற்கையாகச் செத்துப்போகும் முன்னாள் சிப்பாயின் பாடை எந்தப் பாதையில் போகும் என்று யோசித்துப் பார்க்கலாம். நம் தமிழகத்துச் சேரிகளில் சுடுகாட்டுப் பாதைக்கான வழக்கும் வம்பும் வாசகர்கள் அறியாததல்ல. ஆகவே இறுதிச் செலவு உதவி என்பதை ஒரு ரூபாய்த் தொகையாக மட்டும் பார்க்கக்கூடாது என்கிறோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் சாதியின் கை எட்டாத ஓர் அரசு நிலம் முன்னாள் படைவீரர்க்கென இருக்குமானால், வேண்டுவோர் அங்கே எரியலாம், புதையலாம். எந்த ஊர்த் தலைவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இந்தியாவில் பதினைந்து ஆண்டுகள் பணிமுடித்த சிப்பாய்க்கு ஓய்வூதியம் உண்டு. அவன் மறைந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்கு முன்னரே வெளியேறியவன்தான் நம் கவலைக்குரியவன். அவனுக்காக இருப்பவை பெரும்பாலும் நலநிதி உதவிகள். ஒன்றிய அரசின் உதவிகள் மத்திய சைனிக் வாரியத்தின் வழியே, கொடி நாள் நிதியிலிருந்து வருகின்றன. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் வருகிறது. நம் கல்லூரிகளிலும் உண்டியல் சுற்றுகிறது. மாணவர்கள் பேருந்துக் காசில் மிச்சம் பிடித்துப் போடுகிறார்கள். ஒரு குடியரசு தன் படைவீரனுக்குப் பட்ட கடனின் ஒரு பகுதியை உண்டியலில் வசூலித்துத் தீர்க்கிறது என்பதை நாம் பழகிவிட்ட காரணத்தால் வியப்பதில்லை. இந்நிதியிலிருந்து தரப்படும் முக்கிய உதவியின் பெயரே வறுமை மானியம். அறுபத்தைந்து வயது கடந்திருக்க வேண்டும், ஓய்வூதியம் இருக்கக்கூடாது, நிலையான வருமானம் இருக்கக்கூடாது, ஹவில்தார் பதவிக்கு மேல் போயிருக்கக்கூடாது. மாதம் 4,000 ரூபாயாக இருந்த இதை 8,000 ரூபாயாக இரட்டிப்பாக்க 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்தார்கள். நல்லதே, மனமார வரவேற்கிறோம். ஆனால் பெயரைப் பாருங்கள். 'பணி மானியம்' என்றோ 'படைக்கடன்' என்றோ பெயர் வைத்திருக்கலாமே. வறுமைதான் அவன் தகுதி, பணி அதற்கொரு அடைமொழி என்று அப்பெயர் சொல்கிறது. டேலியின் நீல உறையைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள்.

ஈமச்சடங்கு உதவியைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் தொகையும் விதியும் மாறுகின்றன. எங்கும் பொதுவாக இருப்பது மனு. இறப்பு பதிவாகிச் சான்று வர வேண்டும். விடுப்புச் சான்றுப் புத்தகம் வேண்டும். அதில் மனைவியின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதற்கொரு உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். இவற்றுக்குள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரனுக்கும் குளிர்பெட்டிக்காரனுக்கும் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஓடத் தொடங்கியிருக்கும். பிணம் மனுவின் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. உதவி என்பது சாவு விழுந்த அன்று கையில் வந்து சேர வேண்டும். தாள்களைப் பிறகு சரிபார்க்கலாம். பிழையாக ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அரசு கவிழ்ந்துவிடாது. ஆளின் எண்ணும் படைப்பிரிவும் அரசின் ஏட்டிலேயே இருக்கின்றன. அரசுக்குத் தெரிந்ததை அரசிடமே நிரூபிக்கச் சொல்லி ஒரு கிழவியை அலையவிடுவானேன்?

இதுவரை சொன்னது இருப்பவர்களைப் பற்றி. இனி வரப்போகிறவர்களைப் பற்றி. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் பதினேழரை வயதிலிருந்து இளைஞர்களை நான்காண்டுக்கு எடுத்துக்கொள்கிறது. முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிலைக்கலாம். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதியோடு வீடு திரும்ப வேண்டும். அத்திட்டத்தோடு வெளியான விதிமுறைகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லின: இவர்களுக்கு ஓய்வூதியமில்லை, பணிக்கொடையில்லை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமில்லை, படையங்காடியில்லை. இவை போகட்டும். முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பணத்தைக் குறைத்தால் கேட்டு வாங்கலாம்; பெயரை எடுத்துவிட்டால் எதன் பெயரால் கேட்பது? சைனிக் வாரியத்தின் கதவில் எழுதியிருக்கும் சொல்லே இவர்களைக் குறிக்காது. வறுமை மானியம் என்ற அந்தப் பிச்சைக்கும் தகுதியில்லை. வேறு படைகளிலும் காவல் துறைகளிலும் இடஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்களே என்பார்கள். வேலை கிடைத்தவனுக்கு அது உதவும். கிடைக்காதவன் 2075 வாக்கில், பனிமலையில் கழித்த நான்கு குளிர்காலங்களை முழங்காலில் சுமந்தபடி செத்துப்போகும்போது, அரசின் ஏட்டில் அவன் யார்? எடுத்தனூர்க் கல்லின் நாய்க்குப் பெயர் உண்டு என்பதை இங்கே மீண்டும் சொல்ல வேண்டியிருப்பது நமக்கு உவப்பானதல்ல.

கனடா தன் பிற்காலப் படைவீரர்களைச் சொல் விளையாட்டால் வெளியே நிறுத்தி, பிறகு வெட்கி 2014 இல் உள்ளே அழைத்தது. நாமோ, ஒரு தலைமுறை பணிசெய்து முடிக்கும் முன்னரே அதை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

போர் எதிர்ப்பாளர்களான நம் நண்பர்களுக்கு ஒரு சொல். படைவீரனின் பாடைச் செலவைப் பேசுவது போரைப் புகழ்வதாகாது. போரின் கணக்கை முழுமையாக எழுதச் சொல்வதாகும். துப்பாக்கியின் விலையும் விமானத்தின் விலையும் வரவுசெலவுத் திட்டத்தில் இருக்கின்றன. அதைச் சுமந்தவன் ஐம்பது ஆண்டு கழித்துச் சாகும் விலை அதில் இல்லை. அந்த வரியையும் சேர்த்து எழுதினால் போர் எவ்வளவு விலையுயர்ந்தது என்று நாடு அறியும். அந்த வரியை மறைக்க உதவுவது தேசபக்தர்களின் மலர்வளையம் மட்டுமன்று, நம்முடைய மௌனமும்தான். நமக்கு நினைவு தெரிந்தவரை, தமிழ்ப் புனைகதையில் விடுப்பில் வரும் சிப்பாய் உண்டு, சாராயம் கொண்டுவரும் சிப்பாய் உண்டு, தந்தி வழியே சாகும் சிப்பாய் உண்டு. பென்சன் இல்லாமல் ஊரில் கிழவனாகிச் சாகும் சிப்பாயை நாம் அதிகம் எழுதவில்லை. அவன் சாவு காவியத்துக்கு உதவாது போலும்.

செய்ய வேண்டியவை மலையளவு அல்ல. ஈமச்சடங்கு உதவியை வருமானம் பாராமல், பதவி பாராமல், ஓய்வூதியம் பாராமல், ஒரே தொகையாக நாடு முழுவதும் வழங்கலாம். அத்தொகையை விலைவாசிப் புள்ளியோடு கட்டிவிட்டால் 300 டாலரின் கதி அதற்கு நேராது. கிராம நிர்வாக அலுவலர் இறப்பை உறுதிசெய்த அன்றே அதைக் கணக்கில் சேர்க்கலாம். மாவட்டத்துக்கு ஓர் ஈமநிலம் ஒதுக்கலாம். பெயர், எண், படைப்பிரிவு, பணிபுரிந்த ஆண்டுகள் பொறித்த ஒரு கல்லைக் கேட்பவருக்குத் தரலாம். கனடாவின் நிதியம் 1996 முதல், கல்லில்லாமல் கிடக்கும் பழைய படைவீரர் குழிகளைத் தேடிப் பிடித்துக் கல் வைத்து வருகிறது. நாம் தேடும் வேலையே வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

அக்னிவீரர்களைப் பொறுத்தவரை நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் இயற்ற வேண்டிய தேவைகூட இல்லை. முன்னாள் படைவீரர் யார் என்ற வரையறை 1979 ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. பலமுறை திருத்தப்பட்ட விதிகள் அவை. ஓர் அறிவிக்கையால் திருத்தக்கூடியவை. முதல் அணி பயிற்சிக்குச் சென்றது 2023 சனவரியை ஒட்டி. நான்காண்டுக் கணக்கு 2026 இன் இறுதியில் முடிகிறது. வெளியே வரும் ஒவ்வொருவர் கையிலும் விடுப்புத் தாள் ஒன்று இருக்கும். அதன் தலைப்பில் என்ன சொல் அச்சிடப்பட வேண்டும் என்பதுதான் அரசிடம் நாம் கேட்பது.